மாடியில் ஹைட்ரோபோனிக்ஸ்: முதல்ல குழாயை வரைங்க, அப்புறம் பர்ஸைத் திறங்க



வீட்டு பட்ஜெட் பற்றி எப்போ பேசினாலும் ஒரு கேள்வி தவறாம வருது. "மாடியில மண்ணே இல்லாம கீரை வளர்க்கலாம்னு ஒரு கிட் விக்கிறாங்க. முப்பதாயிரம் சொல்றாங்க. போடலாமா? எத்தனை மாசத்துல காசு திரும்பும்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிடறேன். கிட் விலையை வச்சு முடிவு எடுக்காதீங்க, விளைச்சல் போட்டோவை வச்சு சுத்தமா எடுக்காதீங்க. ஒரு வெள்ளைத் தாளில் தண்ணி எங்கிருந்து கிளம்பி, எப்படிப் போய், எங்கே திரும்பி வருதுன்னு வரைங்க. அந்தப் படத்தில்தான் உங்க லாப நஷ்டம் இருக்கு. கரன்ட் போனா செடி சாகிற மாதிரி ஒரு அமைப்பை எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வாங்காதீங்க.

ஏன்னு கணக்கோடு பார்க்கலாம்.

காசு திரும்புமா?

ஒரு உதாரணம் எடுத்துப்போம். 40 செடி வைக்கிற கிட், விலை 30,000 ரூபாய். ஐந்து வருஷம் உழைக்கும்னு வச்சுக்கிட்டா தேய்மானம் வருஷத்துக்கு 6,000, மாசத்துக்கு 500. அதே 30,000-ஐ 7 சதவீத வட்டியில் டெபாசிட்டில் போட்டிருந்தா வருஷம் 2,100 வரும், அதாவது மாசம் 175. இந்த வட்டி இழப்பை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டாங்க, நாம சேர்க்கணும். விதை, உரக் கரைசல், ஸ்பான்ஜ் எல்லாம் சேர்த்து மாசம் 250-ன்னு வைப்போம்.

அடுத்தது கரன்ட். 20 வாட் பம்ப் 24 மணி நேரமும் ஓடினா இரண்டு மாச பில்லில் கிட்டத்தட்ட 29 யூனிட் கூடும். பார்க்க சின்னதுதான். ஆனா நம்ம ஊர் வீட்டு மின் கட்டணம் ஸ்லாப் முறையில் ஏறுது. ஏற்கெனவே 490 யூனிட் ஓட்டுற வீட்டில் இந்த 29 யூனிட் 500-ஐத் தாண்ட வைக்கும். உங்க பழைய பில்லை எடுத்துப் பார்த்துட்டு இந்த வரியை நிரப்புங்க.

எல்லாம் கூட்டினா மாசம் ஆயிரம் ரூபாய் பக்கத்தில் வரும். இப்போ வரவுப் பக்கம். வாரத்துக்கு நாலு கட்டு கீரை, கட்டு 25 ரூபாய்னா மாசம் 400. விற்பனையாளர் காட்டும் கணக்கில் இந்தத் தொகை மூணு நாலு மடங்கு இருக்கும். ஏன்னா அவர் லெட்டூஸை சூப்பர் மார்க்கெட் விலையில் போட்டிருப்பார். உங்க வீட்டில் மாசம் எத்தனை கிலோ லெட்டூஸ் சாப்பிடுறீங்க? நீங்க வேற எப்படியும் வாங்கியிருக்க மாட்டீங்க என்கிற பொருளை விளைவிச்சு, அதைச் சேமிப்புன்னு எழுதக் கூடாது.

ஆக, முப்பதாயிரம் ரூபாய் கிட் வீட்டுக் கீரைக்கு நிதிக் கணக்கில் நிக்காது. ஆசைக்குச் செய்யலாம், குழந்தைங்களுக்குக் காட்டலாம், மருந்தடிக்காத கீரைக்காகச் செய்யலாம். அதெல்லாம் நியாயமான செலவு. ஆனா அது செலவு, முதலீடு கிடையாது. வட்டியில்லா இஎம்ஐன்னு சொன்னாலும் செலவு செலவுதான்.

இன்னொரு விஷயம். மேலே போட்ட கணக்கில் ஐந்து வருஷம் உழைக்கும், ஒரு பயிரும் சாகாதுன்னு எடுத்துக்கிட்டோம். அந்த அனுமானம் நிக்குமா உடையுமாங்கிறதை முடிவு செய்றது குழாய்.

குழாய்க்குள்ளே எமர்ஜென்ஸி ஃபண்ட் இருக்கா?

கடையில் விக்கிற கிட் பெரும்பாலும் என்எஃப்டி வகை. 1960-களில் இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் உருவாக்கிய முறை இது. சரிவா வச்ச குழாயில் மெல்லிய படலமா உரத்தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். வேரின் நுனி தண்ணியில், மீதி காற்றில். ஒரு மீட்டருக்கு 2.5 சென்டிமீட்டர் சரிவு வழக்கம், அதாவது 2 மீட்டர் குழாய்க்கு 5 சென்டிமீட்டர். தண்ணி கம்மி, எடை கம்மி, வேருக்குக் காற்று தாராளம். ஜெனரேட்டர், சென்சார், நிழல் கூடாரம், ஒரு வேலையாள்னு எல்லாம் இருக்கிற பண்ணைக்கு இது நல்ல முறை.

வீட்டு மாடிக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கு. பம்ப் நின்ன சில நிமிஷத்தில் குழாயில் இருக்கிற தண்ணி முழுக்க தொட்டிக்கு இறங்கிடும். அப்புறம் வேருக்குக் கையிருப்பு எதுவும் கிடையாது. சம்பளம் வந்த அன்னைக்கே முழுசும் செலவாகிற குடும்பம் மாதிரி. எல்லாம் சரியா இருக்கிற வரைக்கும் அழகா ஓடும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் வரை மின்தடைன்னு பேப்பரில் போட்ட அன்னைக்கு, சித்திரை வெயிலில், நீங்க ஆபீஸில் இருக்கும்போது, 40 செடியும் துவண்டு போகும்.

இதுக்குத் தீர்வு பெரிய செலவில்லை. அதே 110 மில்லிமீட்டர் குழாயைச் சரிவில்லாம மட்டமா வைங்க. கடைசி மூடியில் வெளியேறும் துளையை அடியில் போடாம, 3 சென்டிமீட்டர் உயரத்தில் போடுங்க. இப்போ பம்ப் நின்னாலும் 2 மீட்டர் குழாயில் சுமார் 4 லிட்டர் தண்ணி தேங்கி நிக்கும். பத்து செடின்னா தலைக்கு 400 மில்லி. ஒரு நாள் மின்தடையைச் செடி சமாளிச்சுடும். துளையின் உயரத்தை மாத்தினதுக்கு ஆன செலவு பூஜ்யம்.

கையிருப்பு இருந்தா இன்னொரு சேமிப்பும் வரும். பம்ப் 24 மணி நேரமும் ஓட வேண்டியதில்லை. டைமர் வச்சு மணிக்கு 15 நிமிஷம் ஓட்டினா போதும். 29 யூனிட் 7 யூனிட்டாக் குறையும்.

அடி அண்ணாமலை மாதிரி ஊரில் இது ஏன் முக்கியம்

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், வருண லிங்கத்தைத் தாண்டி வாயு லிங்கம் வர்றதுக்கு முன்னாடி, மலைக்கு மேற்கே இருக்கு அடி அண்ணாமலை. இங்கே வீடு கட்டினவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பௌர்ணமி அன்னைக்கு வீட்டிலிருந்து டவுனுக்குப் போய் ஒரு சாமான் வாங்கிட்டு வர்றது லேசில்லை. பாதை முழுக்க ஜனம், வண்டிக்குக் கட்டுப்பாடு. கார்த்திகை தீபம்னா சொல்லவே வேணாம். அன்னைக்குப் பம்ப் எரிஞ்சு போனா, எலக்ட்ரீஷியனும் வர மாட்டார், பம்பும் வராது.

வருஷத்துக்குப் பன்னிரண்டு, பதிமூணு பௌர்ணமி. எப்போ வரும்னு நாள்காட்டியிலேயே போட்டிருக்கிற ரிஸ்க் இது. ஆகவே இரண்டு முடிவு. ஒண்ணு, சில நூறு ரூபாய் சின்ன பம்ப்னா ஒரு உபரி பம்ப் வீட்டில் கட்டாயம் இருக்கணும். இரண்டு, முடிஞ்ச வரை பம்பே தேவைப்படாத வடிவமைப்பைத் தேர்ந்தெடுக்கணும்.

இரண்டாவதுக்கு எளிய வழி உண்டு. நூறு லிட்டர் டிரம்மை மூணு அடி ஸ்டாண்டில் வைங்க. அதிலிருந்து 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாய், அதிலிருந்து தேங்காய் நார்க்கழிவு நிரப்பின பைகளுக்குக் கிளை. வடியற தண்ணியைக் கீழே இருக்கிற கறிவேப்பிலைக்கோ வாழைக்கோ விடுங்க. மலையிலிருந்து தண்ணி தானா இறங்கி ஏரிக்கு வர்ற ஊர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மூணு அடி ஸ்டாண்டில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. விவசாய நிலத்துக்கு விக்கிற, அழுத்தத்தைச் சமன் செய்யும் டிரிப்பர் இதில் வேலை செய்யாது. கையால் திருகி அளவு வைக்கிற சாதாரண டிரிப்பர் போதும்.

தாளில் வரைய வேண்டிய ஐந்து விஷயம்

பம்ப் வச்ச அமைப்புதான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஐந்தையும் வரைஞ்சு அளவு எழுதுங்க.

*1. தொட்டி.* கீரைக்குச் செடிக்கு 2 லிட்டர்னு கணக்கு வச்சா 40 செடிக்கு 80 லிட்டர். கூடவே, குழாயைக் கழுவ இறக்கும்போது வர்ற தண்ணிக்கும் இடம் வேணும். நாலு குழாய்னா 16 லிட்டர். அதனால 100 லிட்டருக்குக் குறையாத தொட்டி. தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ. பெரிய தொட்டி வைக்கிறவங்க தளத்தின் நடுவில் வைக்காம, கீழே சுவரோ பீமோ இருக்கிற இடத்தில் வைங்க.

*2. ஏறும் குழாய்.* பம்ப் அட்டைப்பெட்டியில் "மணிக்கு 1,000 லிட்டர், உயரம் 1.8 மீட்டர்"னு போட்டிருந்தா இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஆயிரம் லிட்டர் வர்றது உயரமே இல்லாதப்போ. 1.8 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது. உங்க ஸ்டாண்ட் உயரத்தைப் போல இரண்டு மடங்கு போட்டிருக்கிற பம்பா வாங்குங்க. ஒவ்வொரு வரிசைக்கும் தனி வால்வு வைங்க. ஒரு வரிசை ஒழுகினா மத்ததை நிறுத்த வேண்டியதில்லை.

*3. திரும்பும் குழாய்.* பெரும்பாலானவங்க காசு மிச்சம் பிடிக்கிறது இங்கேதான். ஏறும்போது பம்ப் தள்ளுது, திரும்பும்போது புவியீர்ப்பு மட்டும்தான். அதனால திரும்பும் குழாய் ஏறும் குழாயைவிட நல்லா பெருசா இருக்கணும். வேர்த் துண்டு ஒண்ணு அடைச்சாலும் மாடியெல்லாம் உரத்தண்ணி. தொட்டி வாயில் ஒரு வலை வடிகட்டி போடுங்க.

*4. கழற்றும் இடம்.* எல்லா இணைப்பையும் பசை போட்டு ஒட்டிடாதீங்க. முனை மூடிகள் ரப்பர் சீலோடு திறக்கிற மாதிரி இருக்கணும், நடுவில் யூனியன் வேணும். உள்ளே பிரஷ் விட்டுக் கழுவ முடியாத குழாயை இரண்டாவது வருஷம் தூக்கித்தான் போடணும். ஐந்து வருஷத் தேய்மானம் அங்கே இரண்டு வருஷமாகும். மாசம் 500-னு எழுதினது 1,250 ஆகும்.

*5. தப்பு நடந்தா தண்ணி எங்கே போகும்.* ஒரு இணைப்பு விட்டுப்போனா பம்ப் மொத்தத் தொட்டியையும் மாடியில் கொட்டிடும். பம்பை ஒரு செங்கல் மேல் வச்சா, அடியில் கொஞ்சம் தண்ணியாவது மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி நிரம்பினா வழியறதுக்குத் தனிக் குழாய், அது மழைநீர் வடிகாலுக்குப் போகணும். மாடி பிளக்குக்கு ஈஎல்சிபி இல்லாம தண்ணிக்குள் பம்ப் போடாதீங்க.

குழாய் வாங்கும்போது ஒரு வார்த்தை. காயலான் கடையில் கிடைக்கிற பழைய பிவிசி குழாய் வேணாம். பிவிசி தயாரிப்பில் ஈயச் சேர்மங்கள் நிலைப்படுத்தியாகச் சேர்க்கப்பட்டு வந்தன. அதைக் கட்டுப்படுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ல்தான் விதிகள் கொண்டுவந்தது. சாப்பிடுற பொருள் வளர்ற குழாய்க்கு ஐஎஸ்ஐ முத்திரையோடு, குடிநீருக்கான ஐஎஸ் 4985 தரம் போட்ட புதுக் குழாயே வாங்குங்க. கழிவுநீர்க் குழாயைவிடக் கொஞ்சம் கூட ஆகும். இந்த இடத்தில் கஞ்சம் வேணாம்.

இரண்டு டிடிஎஸ்

என் தொழிலில் டிடிஎஸ்னா சம்பளத்திலேயே பிடிக்கிற வரி. தண்ணியில் டிடிஎஸ்னா கரைஞ்சிருக்கிற உப்பு. இதுவும் ஒரு பிடித்தம்தான். கீரைக்கு வேண்டிய உரக் கரைசலின் மின்கடத்தும் அளவு சுமார் 1.2-லிருந்து 1.8 வரை. உங்க போர்வெல் தண்ணியே 1.0 காட்டினா, நீங்க உரம் சேர்க்கிறதுக்கு முன்னாடியே பாதிக்கு மேல் இடத்தைச் சுண்ணாம்பும் உப்பும் பிடிச்சாச்சு. அதோட பிஎச் ஏறிக்கிட்டே இருக்கும். 5.5-லிருந்து 6.5-க்குள் வைக்க அமிலம் ஊத்திக்கிட்டே இருக்கணும். டிரிப்பர் வாயில் வெள்ளையாப் படியும்.

பாறைப் பூமியில் போர்வெல் போட்டவங்க உங்க ஹீட்டர் ராடைப் பாருங்க. வெள்ளைப் படலம் இருந்தா முதல் செலவு கிட்டுக்கு இல்லை, சில நூறு ரூபாய் மீட்டருக்கு. ஆர்ஓ கழிவுத் தண்ணியைப் பயன்படுத்தலாமான்னு கேக்கறவங்களுக்கு: வேணாம். வடிகட்டித் தள்ளின உப்பு எல்லாம் அதில்தான் இருக்கு.

நல்ல தண்ணி மேலிருந்தே வருது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் மாடி, வருஷத்துக்கு சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 40,000 லிட்டர். நாற்பது கீரைச் செடி நாளைக்கு 10 லிட்டர் குடிச்சா 1,000 லிட்டர் டேங்க் நூறு நாள் வரும். 2003-லிருந்தே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், பல வீட்டில் மாடியிலிருந்து இறங்குற குழாய் ஏற்கெனவே இருக்கு. முதல் மழை அழுக்கை வெளியே விட ஒரு வால்வு, அப்புறம் மூடி போட்ட ஒரு டேங்க். முப்பதாயிரம் செலவு பண்ண மனசு இருந்தா, அதில் முதல் பங்கு இதுக்குப் போகட்டும். ஹைட்ரோபோனிக்ஸ் சலிச்சுப் போனாலும் டேங்க் வீட்டில் இருக்கும்.

அந்த டேங்க்கும் உரத் தொட்டியும் நிழலில் இருக்கணும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணி சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடான தண்ணியில் வேர் அழுகும். மாடிப்படிக்குக் கீழே வைங்க, இல்லைன்னா ஈரக் கோணிச் சாக்கு சுத்துங்க. வெளிச்சம் புகுந்தா பாசி, மூடி இல்லைன்னா கொசு.

பம்ப் இல்லாமலும் நடந்திருக்கு

இதெல்லாம் புதுத் தொழில்நுட்பம்னு சொல்லி விக்கிறாங்க. 1937-லேயே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெரிக் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரைப் பிரபலமாக்கினார். பெரிய விளைச்சல்னு பரபரப்பு கிளம்பினப்போ, அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னனும் பரிசோதிச்சு 1938-ல் வெளியிட்ட முடிவு: நல்ல மண்ணில் வர்றதைவிட இதில் இயல்பாகவே அதிக விளைச்சல் எதுவும் இல்லை. இன்னைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுற உரக் கரைசலுக்கு ஹோக்லண்ட் பெயர்தான். அந்த மனுஷனே சொன்னது இது.

நம்ம நாட்டிலேயே 1940-களில் வங்காளத்தின் காலிம்போங் பகுதியில் ஷோல்டோ டக்ளஸ் சோதனை செஞ்சு ஒரு முறை கொண்டுவந்தார். ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி, வரிசைக்கு நடுவே உர உப்பைத் தூவி, கையால் தண்ணி விடுறது. பம்ப் கிடையாது, மின்சாரம் கிடையாது. பிற்காலத்தில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி இன்னும் எளிமையாக்கினார். மூடின டப்பாவில் உரத்தண்ணி, மேலே செடி. தண்ணி இறங்க இறங்க மேல் வேருக்குக் காற்று கிடைக்கும். குழாயே இல்லை.

கற்றுக்க விரும்புறவங்க இங்கிருந்து ஆரம்பிங்க. மூடி போட்ட பழைய வாளி நாலு, உரம், விதை. ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். மூணு மாசம் தொடர்ந்து பார்த்துக்கிட்டீங்கன்னா அடுத்த கட்டம் யோசிக்கலாம். கீரை மட்டும்தான் வேணும்னா, தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளை கொடுக்கும்போது அதை விசாரிங்க. அதுக்குக் குழாய் வேலையே கிடையாது.

விற்றால் வரி உண்டா?

"விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே, பெருசாப் போட்டு விக்கலாமா?" இதுவும் வர்ற கேள்விதான். சட்டப்படி விவசாய வருமானம்னா நிலத்திலிருந்து வரணும். 1957-ல் பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், உழுது விதைக்கிற மாதிரியான அடிப்படை வேலைகள் நிலத்தில் நடக்கணும்னு சொன்னது. 2018-ல் தட்டுகளில் வளர்த்த காளானை விவசாய வருமானம்னு ஹைதராபாத் வருமான வரித் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு ஏத்துக்கிட்டது. அதுக்கு முக்கியக் காரணம், தட்டில் இருந்தாலும் மண் மண்தான், அதுவும் நிலம்தான் என்கிற வாதம். வெறும் தண்ணியில் வளர்ந்த கீரைக்கு அந்த வாதம் அப்படியே பொருந்தாது. வரி இல்லைன்னு நம்பி தொழில் கணக்குப் போடாதீங்க.

"நாங்களே திருப்பி வாங்கிக்கிறோம், மாசம் இவ்வளவு உறுதி"ன்னு யாராவது சொன்னா, 2012-ல் கொங்கு மண்டலத்தில் ஈமு கோழிக்குப் பணம் போட்டவங்களை ஒரு தடவை நினைச்சுக்குங்க. விளைச்சல் நிச்சயம்னா அவர் ஏன் உங்க பணத்தில் செய்யணும்?

இந்த வாரம் ஒரு தாள் எடுங்க. தண்ணி போற வழியை வரைஞ்சு, கரன்ட் போனா என்ன ஆகும், குழாய் அடைச்சா என்ன ஆகும், நீங்க மூணு நாள் ஊருக்குப் போனா என்ன ஆகும்னு மூணு கேள்வியும் பக்கத்தில் எழுதுங்க. மூணுக்கும் பதில் இருந்தா அப்புறம் விலை கேளுங்க. கிட் விக்கிறவரிடமும் இதே மூணு கேள்வியைக் கேளுங்க. பதிலுக்குப் பதிலா லெட்டூஸ் போட்டோவைக் காட்டினா, ஒரு வணக்கம் போட்டுட்டு வந்துடுங்க.